கிழிசலும் இஸ்திரியும்

சென்னையில் ஒரு கைவினைக் கண்காட்சி. மண்சட்டி, பனையோலைக் கொட்டான், 'ஆக்ஸிடைஸ்டு' என்று சொல்லி விற்கிற கறுத்த, கனத்த காப்பு, தண்டை. பக்கத்துக் கடையில், வேண்டுமென்றே கிழித்து ஒட்டுப்போட்ட ஜீன்ஸ். மண்சட்டியின் விலையைக் கேட்டுவிட்டு மெதுவாகக் கீழே வைத்தேன். எங்க ஆயா இருந்திருந்தா, 'இதயா காசு குடுத்து வாங்குறாளுவ?'ன்னு கேட்டிருக்கும்.

இந்தப் பட்டியலை நாம் வேறொரு இடத்தில் படித்திருக்கிறோம். 1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஹட்டன் தன்னுடைய சாதி பற்றிய நூலில் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலேயும் முழங்காலுக்குக் கீழேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை, செருப்பு கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறெதுவும் புழங்கக் கூடாது. மீறிய சேரிகளில் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, ஆடுமாடு கொள்ளைபோனது.

அங்கே கட்டளையாக இருந்த மண்பாத்திரம் இங்கே 'ரசனை'. சட்டி அதேதான். வேண்டாமென்றால் எவர்சில்வருக்குத் திரும்பிவிட முடிகிறவருக்குத்தான் அது ரசனை. (குயவர் பிழைப்பில் மண்ணள்ளிப் போட இதை எழுதவில்லை. அந்த விலையில் அவருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்துக்கொண்டார்.)

1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி மேலாடையைத் துறந்தார். துறப்பதற்கு அவரிடம் சட்டை இருந்தது. 9 வருஷம் கழித்து அடுத்த மாவட்டத்திலேயே சட்டை போட்டதற்காகக் குடிசை எரிந்தது. அம்பேத்கரின் கோட்டு சூட்டை 'மேற்கத்திய மோகம்' என்று எழுதும் விமர்சகர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் படிப்பதேயில்லை. 1927 டிசம்பரில் மகாடில் அவர் பெண்களிடம் கேட்டுக்கொண்டது சேலையைக் கணுக்கால்வரை உடுத்தவும், கைகால்களில் கிடந்த கனத்த காப்புகளைக் கழற்றவும்தான். அன்று நம் பெண்கள் கழற்றிய காப்புதான் இன்று கண்காட்சியில் தொங்குகிறது.

பழைய கதையில்லை இது. 2012 நவம்பரில் தருமபுரியில் நத்தம் காலனி எரிந்த பிறகு, தலித் பையன்கள் ஜீன்ஸும் கூலிங்கிளாஸும் போட்டு எங்க பெண்களை மயக்குறாங்க என்று ஒரு சாதிக் கட்சியின் தலைமை மேடையேறிச் சொன்னது. கிழிந்த ஜீன்ஸ் ஃபேஷனாகிற அதே நாட்டில், கிழியாத ஜீன்ஸ் குற்றம்.

மற்றவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. நம்முடைய கலைஇரவுகளிலேயே பறையடிக்கிறவர் தார்ப்பாய்ச்சி, தலைப்பாகை கட்டி, வெற்றுடம்போடுதான் வரவேண்டும் என்று ஒரு எழுதாத சட்டம் வந்துவிட்டது. 'மண்ணின் அடையாளம்' என்கிறார்கள். யார் கொடுத்த அடையாளம்? வெற்றுடம்பில் அழகு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது மட்டும்தான் நாம் என்றால், 1930-இல் போட்ட சட்டத்தை நாமே நமக்குப் போட்டுக்கொள்கிறோம்.

ஒரு நிகழ்ச்சியில் பேண்ட், இஸ்திரி போட்ட சட்டை, புது ஷூவோடு ஒரு தம்பி பறையைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஏற்பாட்டாளர் உடை மாற்றச் சொன்னார். 'இந்த ஷூ வாங்கத்தாண்ணே ரெண்டு வாரம் சென்ட்ரிங் வேலைக்குப் போனேன்' என்றான். ஷூவோடே ஏறினான். அன்றைக்கு அடித்த அடி இன்னும் காதில் இருக்கிறது.