முன்மாதிரி பிடித்துப் போனால்?

ஃப்ரெட் ப்ரூக்ஸின் 'தி மித்திக்கல் மேன்-மந்த்' 1975-ல் வந்த புத்தகம். ஐபிஎம்மில் ஓஎஸ்/360 வேலையை நிர்வகித்த அனுபவத்தில் எழுதியது. மென்பொருள் துறையில் பலரும் படிக்காமலேயே மேற்கோள் காட்டுகிற புத்தகமும் இதுதான்.

அதில் ஒரு கணக்கு வருகிறது. மொத்தக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு திட்டமிட, ஆறில் ஒரு பங்கு கோட் எழுத, மீதிப் பாதி சோதனைக்கு. 12 மாத ப்ராஜெக்ட் என்றால் கோடிங்குக்கு வெறும் 2 மாதம்தான்! இன்றைக்கும் எந்த மேனேஜரிடமாவது சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். ஆனால் கணக்கின் அடிப்படை சரிதான்: கோட் எழுதுவது வேலையின் சின்னப் பகுதி.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. திட்டமிடலுக்குத் தரும் 4 மாதமும் விரிவான ஸ்பெசிஃபிகேஷன் எழுதவே சரியாகப் போகும், புது நுட்பங்களைத் தேடிப் பார்க்கப் போதாது என்று ப்ரூக்ஸே சொல்லிவிடுகிறார். பிறகு 11-வது அத்தியாயத்தில், முதலில் கட்டுவதை எப்படியும் தூக்கிப் போடத்தான் போகிறீர்கள், அதற்குத் திட்டமிட்டுக்கொள்ளுங்கள் என்கிறார். சரி, அந்த முதல் வடிவத்துக்கான மாதங்கள் எந்தப் பங்கிலிருந்து வரும்? பதில் இல்லை.

1995 பதிப்பில் அவரே இந்த அறிவுரையைத் திருத்தினார். முழு அமைப்பையும் ஒரே மூச்சில் கட்டும் முறையை அது எடுத்துக்கொண்டுவிட்டது, கொஞ்சம் கொஞ்சமாக வளர்ப்பதே மேல் என்றார். நேர்மையான திருத்தம். ஆனாலும் ஒன்று விட்டுப்போகிறது.

முதல் வடிவத்தை வாடிக்கையாளர் கையில் கொடுத்தால் அவர்களுக்கு அவதி, நமக்குக் கெட்ட பெயர் என்று எச்சரிக்கிறார் ப்ரூக்ஸ். அது அவர்களுக்குப் பிடித்துப் போனால் என்ன ஆகும்?

1976-ல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்ற கருவியை எழுதினார். மாறிய ஃபைல்களை மட்டும் மறுபடி கம்பைல் பண்ண உதவுவது. அதில் கட்டளை வரிகள் டேப்பில் தொடங்கணும். டேப்புக்குப் பதில் ஸ்பேஸ் போட்டால், கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் வேலை செய்யாது. சில வாரங்களில் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள். மாற்றினால் அவர்களுக்குத் தொந்தரவு என்று ஃபெல்ட்மன் அப்படியே விட்டுவிட்டார். இன்றும் மேக்ஃபைல் எழுதுகிறவர்கள் அந்த டேப்போடு மல்லுக்கட்டுகிறார்கள். பன்னிரண்டு பேருக்காகப் பார்த்தது, எத்தனை ஆயிரம் பேர் தலையில் விடிந்தது பாருங்கள்.

அதனால் டிசைனுக்கு எத்தனை சதவீதம், கோடிங்குக்கு எத்தனை சதவீதம் என்ற கேள்வியே எனக்குத் தப்பாகப் படுகிறது. அடுத்தவர்கள் சாய்ந்துகொண்ட பிறகு எதை அசைக்க முடியாது என்று கேட்பதுதான் பயன். ஃபைல் வடிவம், டேட்டாபேஸ் அமைப்பு, மற்ற நிரல்கள் கூப்பிடும் ஏபிஐ, இவற்றுக்கு எழுதும் முன்பே தாளில் நாள் செலவழிக்கலாம். திரை எப்படி இருக்கணும், வேகம் போதுமா என்பதைத் தாளில் எவ்வளவு விவாதித்தாலும் தெரியாது. கட்டித்தான் பார்க்கணும்.

கட்டும்போது ஒரு சின்ன முன்ஜாக்கிரதை: முன்மாதிரியில் 'சேமி' பட்டன் வேலை செய்யக் கூடாது. நிஜத் தரவு ஒரு நாள் உள்ளே போய்விட்டால், அப்புறம் அது முன்மாதிரி இல்லை.