இடித்தலும் எடுத்தலும்: 'விசோர்ப்' என்னும் ஆடல் பற்றி ஓர் ஆய்வு

உவகை பிறக்கும் நிலைக்களங்களை நான்காக வகுத்த தொல்காப்பியர், செல்வம், புலன், புணர்வு என்பவற்றோடு விளையாட்டையும் ஒன்றாக வைத்தார். ஆகவே, விளையாட்டைச் சிறார்க்கே உரியதெனத் தள்ளுதல் தமிழ் மரபன்று. இக்காலத்துக் கைக்கருவிகளில் நிகழும் ஆடல்களும் திறனாய்வுக்கு உரியனவே.

செங்கல் உடைக்கும் ஆடல், அமெரிக்காவின் அற்றாரி நிறுவனம் 1976இல் வெளியிட்ட 'பிறேக்கவுட்' என்பதனோடு வழக்குப் பெற்றது. யப்பானின் தைற்றோ நிறுவனம் 1986இல் 'ஆர்க்கனொயிட்' மூலம் அதனை விரித்தது. 1989இல் நின்ரென்டோவின் 'அலிவே' அதனைக் கைக்குள் அடக்கிற்று. கனடாவின் மொன்றியல் நகரத்து ற்றிபியூற் கேம்ஸ் நிறுவனம், 2011இல் தன் முதற் படைப்பாக வெளியிட்ட 'விசோர்ப்' இம்மரபில் மாயக்கதையொன்றைப் பொருத்தியது. மறு ஆண்டில் அது பிஎஸ்பி கைக்கருவிக்கும் வந்தது. அதன் ஓவியமும் இசையும் பழைய ஆடல்களின் சாயலை வேண்டுமென்றே மேற்கொண்டவை.

கதைத் தலைவன் சைறஸ் என்னும் மந்திரவாதி. அவனது மந்திரக்கோலே பந்தைத் தடுக்கும் மட்டையாகின்றது. கரம் பலகையின் முன் அமர்ந்து பழகியோர்க்கு இவ்வாடலின் நுட்பம் எளிதிற் புலப்படும். கோணம் அறிந்து அடித்தலே வித்தை. அடித்தபின் காய் கைவசம் இல்லை. 'விசோர்ப்' இவ்விதியைச் சிறிது தளர்த்துகின்றது. மந்திர ஆற்றலைச் செலவிட்டால், காற்றை ஏவிப் பந்தின் போக்கைத் திருப்பலாம். ஆயின் அவ்வாற்றல் அளவுடையது. எனவே, ஊழின் போக்கிற்கு விடுவதா, முயற்சியால் மாற்றுவதா என்னும் வினா ஆடுவோனை இடையறாது தொடர்கின்றது. உடைந்த கல்லிலிருந்து விழும் பொற்காசும் அத்தகையதே. காசை நாடி ஓடுபவன் பந்தை இழப்பான். பேராசையின் கேட்டை ஒரு சொல்லும் கூறாது உணர்த்தும் இவ்வமைப்பே இப்படைப்பின் தலையாய சிறப்பாகும்.

திரட்டிய பொன்னைத் தீய சக்தியால் அழிந்த ஊரின் மக்களுக்கு ஈந்தால், அவர்தம் வீடுகள் மீண்டும் எழுகின்றன. இடிக்கும் ஆடலுக்குள் எடுத்துக் கட்டும் நோக்கினை வைத்தமை போற்றத்தக்கது. எனினும், குறையும் ஈண்டே உளது. பொருள் பெற்றோர் கைம்மாறாகப் பரிசளிக்கின்றனர். மறுமைப் பயன் கருதி ஈவோரை வணிகரெனக் கண்டு, ஆய் அண்டிரன் அத்தகையனல்லன் எனப் பாடிய முடமோசியாரின் அளவுகோல் கொண்டு நோக்கின், சைறஸின் ஈகை வாணிகமாகவே முடிகின்றது.

அதனினும் பெரிய குறை பிறிதொன்று. 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் கொழும்பின் பிற பகுதிகளிலும் தமிழர்தம் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. எரிந்த மனையை மீண்டும் எடுத்தோர் அறிவர், பொன் சுவரை எழுப்புமேயன்றி அயலாரிடத்து நம்பிக்கையை எழுப்பாதென்பதை. இவ்வாடலிலோ காசு கொடுத்த அளவில் ஊர் முழுமை பெறுகின்றது. இடிப்பதற்குப் பொறுமையும் கூர்நோக்கும் வேண்டும் எனக் கற்பித்த படைப்பு, கட்டுவதற்கு அவை வேண்டா என விட்டுவிட்டது.

பந்தும் கோலும் நிகழும் களத்தில் 'விசோர்ப்' தன் முன்னோடிகளுக்கு ஈடானதே. ஊருக்குள் நுழைந்ததும் அது தளர்கின்றது. கட்டுதலையும் இடித்தலைப் போல அரிய செயலாக ஆக்கியிருப்பின், அதன் கதை அணியாக நில்லாது உயிராகியிருக்கும்.