கட்டிலைச் சுற்றி ஐந்து சொற்கள்

இரண்டாவது குழந்தைக்கு நான்கு மாதம் ஆகியிருந்தபோது, பித்தப்பையில் கல் என்று என்னை ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தார்கள். மறுநாள் காலை பேராசிரியர் மாணவர்களோடு வார்டைச் சுற்றி வந்தார். என் கட்டிலருகே நின்று, "பித்தக்கல் யாருக்கு வரும்?" என்று கேட்டார். ஏழெட்டுப் பேர் ஒரே குரலில் ஒப்பித்தார்கள்: "ஃபேட், ஃபீமேல், ஃபார்ட்டி, ஃபெர்ட்டைல், ஃபேர்." ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். நான் புரியாதவள் போல மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குண்டு, பெண், நாற்பது, பிள்ளை பெறுபவள், சிவப்பு. எனக்கு அப்போது வயது 29. எடை 46 கிலோ. நிறம், எங்கள் ஊர் ஆட்கள் பெண் பார்க்க வந்தபோது "கொஞ்சம் கம்மிதான்" என்று சொன்ன நிறம். பின்வரிசையில் நின்ற ஒரு மாணவி, "சார், ஆனா இவங்க..." என்று ஆரம்பித்தாள். "விதிவிலக்கு" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை, தமிழ் இலக்கியம் படித்தவள். ஒரு பிரதியைக் கையில் எடுத்து, அது என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்க்க மட்டும் தெரியும். அந்த ஐந்து சொற்களும் ஒரு பிரதிதான். பல தலைமுறை மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்த, உலகம் முழுக்கப் புழங்கும் ஐந்து சொல் கவிதை. மோனை நன்றாக அமைந்திருக்கிறது, அதனால்தான் இத்தனை காலம் நிலைத்திருக்கிறது. ஆனால் அதில் ஒரு வினைச்சொல்கூடக் கிடையாது. எல்லாமே ஒரு பெண்ணைப் பார்த்தவுடன் சொல்லிவிடக்கூடிய அடையாளங்கள். அவள் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பது அதில் எங்குமே இல்லை. பெண் பார்க்க வந்தவர்களின் பட்டியலுக்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை நான் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கல்லீரல் நாள் முழுக்கப் பித்தநீரைச் சுரக்கிறது. சாப்பாட்டுக்கு இடைப்பட்ட நேரத்தில் அது பித்தப்பையில் தங்கிக் கெட்டியாகிறது. எண்ணெயும் கொழுப்பும் உள்ள உணவு சிறுகுடலுக்கு வந்ததும் பித்தப்பை சுருங்கி அதைக் குடலுக்குள் விடுகிறது. பித்தநீரில் கொலஸ்ட்ராலும் இருக்கும். அது தண்ணீரில் கரையாது. பித்த உப்புகள்தான் அதைக் கரைத்து வைத்திருக்கின்றன. இங்கேதான் ஹார்மோன்கள் வருகின்றன. ஈஸ்ட்ரோஜன் கூடும்போது கல்லீரல் பித்தநீருக்குள் கூடுதலாகக் கொலஸ்ட்ராலைத் தள்ளுகிறது. புரொஜஸ்டிரோன் வேறு வேலை செய்கிறது. குறைமாதத்தில் கருப்பை சுருங்கிவிடாமல் அதன் தசையைத் தளர்த்தி வைப்பது அதன் பொறுப்பு. பித்தப்பையின் சுவரில் இருப்பதும் அதே வகைத் தசைதான், அதுவும் தளர்ந்துவிடுகிறது. உணவு வந்தாலும் முழுசாகச் சுருங்காது. அடியில் கொஞ்சம் பித்தநீர் தேங்கிக்கொண்டே இருக்கும். ஒரு ஹார்மோன் சரக்கைக் கூட்டுகிறது, இன்னொன்று வெளியேறும் வேகத்தைக் குறைக்கிறது. தேங்கிய பித்தநீரில் முதலில் நுண்ணிய படிகங்கள், பிறகு சேறு போன்ற கசடு, பிறகு கல்.

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இந்த இரண்டு ஹார்மோன்களும் உச்சத்தில் இருக்கும். பிரசவத்துக்குப் பிறகு இரண்டும் இறங்கிவிடுவதால் பலருக்குக் கசடு தானாகவே கரைந்துவிடும், சிறு கற்கள்கூட மறைந்துபோவதுண்டு. சிலருக்கு மறைவதில்லை. பருவமடைவதற்கு முன்பு இந்த நோயில் ஆண் பெண் வேறுபாடு பெரிதாகக் கிடையாது. பிள்ளை பெறும் வயதில்தான் பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. மாதவிடாய் நின்றபின் இடைவெளி மறுபடியும் குறைகிறது.

இப்போது 'ஃபெர்ட்டைல்' என்ற சொல்லைத் திரும்பிப் பாருங்கள். விளைநிலத்துக்குச் சொல்லும் சொல். கர்ப்பம் என்ற ஒன்பது மாத உழைப்பும் அதற்கு உடல் கொடுக்கும் விலையும் 'வளமானவள்' என்ற ஒரு பாராட்டுக்குள் காணாமல் போகின்றன. எனக்கு எட்டாம் மாதமே வலது விலாவுக்குக் கீழே இரவில் பிடித்து இழுத்தது, தோள்பட்டை வரை ஏறியது. அம்மா "வாய்வு" என்றாள். ஓமத் தண்ணீரும் பெருங்காயமும் கொடுத்தாள். பிரசவம் பார்த்த மருத்துவமனையிலும் வாய்வு என்றுதான் சொன்னார்கள், அம்மாவின் ஓமத்துக்குப் பதில் ஒரு மாத்திரை. கர்ப்பகாலத்தில் எனக்கு நான்கு ஸ்கேன் எடுத்தார்கள். நான்கு முறையும் அந்தக் கருவி அடிவயிற்றைவிட்டு மேலே வரவில்லை. இன்னும் ஒரு சாண் மேலே நகர்த்தியிருந்தால் தெரிந்திருக்கும். பிள்ளை பிறந்தபின் பத்தியச் சாப்பாடு: நல்லெண்ணெய் மிதக்கும் பூண்டுக் குழம்பு. தளர்ந்திருந்த பித்தப்பை அதற்குச் சுருங்க முயன்றபோதெல்லாம் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்றார் மாமியார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரும் எதுவும் சொன்னதில்லை.

'ஃபீமேல்' என்ற சொல் இன்னும் சுவாரசியமானது. 1966இல் அமெரிக்காவில் 'கரோனரி டிரக் ப்ராஜெக்ட்' என்ற பெரிய ஆய்வு தொடங்கியது. மாரடைப்பு வந்து பிழைத்த 8,341 ஆண்கள். பெண்களுக்கு இளவயதில் மாரடைப்பு குறைவு, காரணம் ஈஸ்ட்ரோஜனாக இருக்கலாம், ஆகவே அதை ஆண்களுக்குக் கொடுத்துப் பார்ப்போம் என்பது அதில் ஒரு யோசனை. கொடுத்தது பிரமரின் வகை ஈஸ்ட்ரோஜன். கருவுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுப்பது. இதயம் காப்பாற்றப்படவில்லை. மாரடைப்பு கூடியதால் அதிக அளவு கொடுத்த பிரிவை 1970இலேயே நிறுத்தவேண்டி வந்தது. 1977இல் வெளியான கட்டுரையில் இன்னொரு செய்தி இருந்தது: ஈஸ்ட்ரோஜன் சாப்பிட்ட ஆண்களுக்குப் பித்தப்பை நோய் மற்றவர்களைவிட அதிகமாக வந்திருந்தது. பெண்ணாக இருப்பதால் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த கல், மாத்திரை கொடுத்ததும் ஆணுக்கும் வந்துவிட்டது. காரணம் ஒரு வேதிப்பொருள். இந்தச் செய்தி வெளியாகி இத்தனை ஆண்டுகளாகியும் அந்த ஐந்து சொல் கவிதையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

ஈஸ்ட்ரோஜனைப் 'பெண் ஹார்மோன்' என்று அழைப்பதே அவ்வளவு சரியில்லை. 1934இல் பெர்ன்ஹார்ட் சோண்டெக் என்ற ஆய்வாளர் ஆண் குதிரையின் சிறுநீரில் மிக அதிக அளவு ஈஸ்ட்ரோஜன் இருப்பதைக் கண்டார். ஆண் உடலிலும் அது சுரக்கிறது, வேலை செய்கிறது. பெயர் மட்டும் நம் தலையில்.

வரலாற்றில் இன்னொன்று. பித்தப்பையை முதன்முதலில் வெற்றிகரமாக வெட்டி எடுத்தவர் கார்ல் லாங்கன்புக், பெர்லினில், 1882இல். கட்டிலில் படுத்திருந்தவர் 43 வயது ஆண்! அவரைச் சுற்றி நின்று யாரும் எதையும் ஒப்பித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

'ஃபேர்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரிசோனாவின் பீமா பழங்குடிப் பெண்கள் வெள்ளைத்தோல்காரர்கள் இல்லை. 1970இல் அவர்களிடம் நடந்த ஆய்வில் 25 முதல் 34 வயதுப் பெண்களில் பத்தில் ஏழு பேர் அளவுக்குப் பித்தப்பை நோய் இருந்தது. அந்தச் சொல் நோயைப் பார்த்து எழுதியதல்ல, அந்த ஊர் வார்டில் யார் படுத்திருந்தார்களோ அவர்களைப் பார்த்து எழுதியது. அதை நாம் இறக்குமதி செய்து, கறுத்த பெண்களின் கட்டிலைச் சுற்றி நின்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். இங்கே ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹார்மோன் கதை முக்கியமாகக் கொலஸ்ட்ரால் கற்களின் கதை. வட இந்தியாவில் அந்தக் கற்கள்தான் பெரும்பான்மை. தென்னிந்தியாவில் நிறமிக் கற்கள், கறுப்பும் பழுப்புமானவை, அதிகம். அவற்றின் காரணங்கள் வேறு. எனக்கு எடுத்த கல்லை ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். மஞ்சள் நிறம்.

'ஃபேட்' என்பதில் உண்மை இருக்கிறது, உடல் பருமன் பித்தநீரில் கொலஸ்ட்ராலைக் கூட்டும். ஆனால் வேகமாக எடை குறைப்பதும் கல்லைக் கொண்டுவரும் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. பட்டினி கிடந்தால் பித்தப்பை சுருங்க வாய்ப்பே இல்லாமல் தேங்கி நிற்கும். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மாதத்தில் பத்து கிலோ குறைக்கச் சொல்லும் விளம்பரங்களை என் மாணவிகள் என்னிடம் காட்டுகிறார்கள். முதலில் குண்டு என்று திட்டும், பிறகு இளைத்ததற்கும் கல் கொடுக்கும். எப்படியும் குற்றவாளி அவள்தான்.

ஐந்து சொற்களில் இடமே இல்லாத ஒன்று, மாத்திரையாக உள்ளே போகும் ஹார்மோன். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களிடம் பித்தப்பை நோய் கூடுதலாக இருப்பதை பாஸ்டன் நகர ஆய்வுக் குழு ஒன்று 1973இல் எழுதியது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சாப்பிடுபவர்களுக்கு ஏறக்குறைய இரண்டரை மடங்கு என்று 1974இல் எழுதியது. 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வு 22,579 பெண்களைப் பின்தொடர்ந்து, ஹார்மோன் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து சுமார் 60 சதவீதம் கூடுதல் என்று 2005இல் சொன்னது. நாற்பதைத் தாண்டியவள் மேல் 'ஃபார்ட்டி' என்று முத்திரை குத்தும்போது, அந்த வயதில் அவளுக்கு எழுதிக் கொடுத்த சீட்டையும் யாராவது புரட்டிப் பார்த்திருக்கலாம். அதே ஹார்மோனைத் தோலில் ஒட்டும் பட்டையாகக் கொடுத்தால் ஆபத்து குறைவு என்று பிரிட்டனின் 'மில்லியன் விமன் ஸ்டடி' 2008இல் காட்டியது. விழுங்கும் மாத்திரை குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகிறது. பட்டை அப்படிப் போவதில்லை.

மாத்திரையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆரம்பகால மாத்திரைகளைவிட இன்றைய மாத்திரைகளில் ஹார்மோன் மிகக் குறைவு, பெரும்பாலான பெண்களுக்கு இந்த ஆபத்தும் சிறியது. வேண்டாத கர்ப்பம் ஒன்று பித்தப்பைக்குச் செய்வது அதைவிடப் பெரிது. நான் கேட்பது வேறு. 1969இல் பார்பரா சீமன் மாத்திரையின் பக்கவிளைவுகள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1970 ஜனவரியில் அமெரிக்க செனட்டில் விசாரணை நடந்தது. மாத்திரை சாப்பிடும் பெண் ஒருவரைக்கூடச் சாட்சி சொல்ல அழைக்கவில்லை. பார்வையாளர் வரிசையிலிருந்து ஆலிஸ் உல்ஃப்சனும் அவர் தோழிகளும் எழுந்து கத்தினார்கள். அதன் பிறகுதான் மாத்திரைப் பெட்டிக்குள், சாப்பிடுகிறவள் படிப்பதற்கென்று ஒரு துண்டுத்தாள் வந்தது. இப்போதும் நம் பெட்டிகளில் தாள் இருக்கிறது, கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத எழுத்தில்.

நம் பக்கத்துத் தவறு ஒன்றும் உண்டு. "எல்லாம் ஹார்மோன் பண்ற வேலை" என்று சொல்லி நம் கோபத்தையும் அழுகையையும் ஓரங்கட்டியவர்கள் அதிகம் என்பதால், ஹார்மோன் என்ற சொல்லையே பெண்ணிய எழுத்தில் நாம் தொடத் தயங்குகிறோம். நானும் தயங்கினேன். கல்லூரியில் உடலரசியல் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவேன், என் கல்லீரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாது. நாம் விட்ட இடத்தில்தான் அந்த ஐந்து சொற்கள் உட்கார்ந்திருக்கின்றன.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் சாயங்காலம், பின்வரிசையில் நின்ற அந்த மாணவி தனியாக வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்காரலாமா என்று கேட்டாள். குழந்தை என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, வலி முதல்ல எப்ப வந்துச்சு?"

"எட்டாம் மாசம்."

"அப்பவே சொன்னீங்களா?"

"ஒவ்வொரு தடவையும் சொன்னேன்."

அவள் நோட்டைத் திறந்து தேதி போட்டு எழுத ஆரம்பித்தாள். முதல் பிரசவத்தின்போது இப்படி வந்ததா, இடையில் மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா, எத்தனை மாதம், பேர் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒரு பக்கம் நிறைந்து அடுத்த பக்கம் புரட்டினாள்.