ஆற்றுப்படையும் ஆசன முற்பதிவும்

முன்கூட்டியே வகுத்த திட்டத்தின்படி செல்வதா, மனம் போன போக்கிற் செல்வதா என்பது இக்காலப் பயண எழுத்துக்களில் ஓயாது எழும் வினாவாகும். திட்டமிட்டுச் செல்பவன் எதையும் புதிதாகக் காண்பதில்லை என ஒரு சாராரும், திட்டமின்றிச் செல்பவன் காணவேண்டியதைத் தவறவிடுகிறான் என மறுசாராரும் கூறுவர். பயணத்தைத் தீர்மானிப்பவன் பயணியே என்ற எடுகோளை இரு சாராரும் ஆராயாமலே ஏற்றுக்கொண்டுள்ளனர். இலங்கையின் மலையகத்தை வைத்து நோக்கும்போது அது நிலைக்கவில்லை.

பயணத்துக்கு முன்னறிவு வேண்டும் என்பதைத் தமிழ் மரபு இழிவாகக் கருதவில்லை. ஆற்றுப்படை என்ற இலக்கிய வகையே அதன்மேல் எழுந்ததுதான். பரிசில் பெற்று மீள்பவன் எதிர்ப்பட்ட வறியவனுக்கு வழி கூறுகிறான். 583 அடிகள் கொண்ட மலைபடுகடாம் நன்னனது கொடையைப் புகழ்வதோடு அமையவில்லை. பன்றிகளுக்கு வைத்த பொறிகள், பாம்புறையும் இடங்கள், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கற்கள் என மலைவழியின் இடர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி எச்சரிக்கின்றது. வழி கூறுவோன் அவ்வழியே நடந்து மீண்டவன். கூறுவதால் அவனுக்கு ஊதியமும் இல்லை.

தென்னிந்தியக் கிராமங்களில் ஆள் திரட்டிய கங்காணியும் ஒருவகையில் ஆற்றுப்படுத்தியவனே. தேயிலைத் தூரடியில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என அவன் ஆசை காட்டியதாக மலையக வாய்மொழி மரபு கூறும். நாட்டின் வளம் அவன் பேச்சில் இருந்தது; இடர் கூறும் பகுதி மட்டும் இல்லை. அவனுக்குத் தலைக்காசு இருந்தமையை இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். கோகிலம் சுப்பையா தமது நாவலுக்குத் ‘தூரத்துப் பச்சை’ எனப் பெயரிட்டமை எத்துணைப் பொருத்தம்!

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தகரச் சீட்டு முறையில் இத்திட்டமிடல் முழுமை பெற்றது. தோட்டத்தின் இலக்கம் பொறித்த வில்லையுடன் தொழிலாளி அனுப்பப்பட்டான். வழிச்செலவு கணக்கில் எழுதப்பட்டது. இன்றைய சுற்றுலா நிறுவனமெதுவும் ஒரு பயணத்தை இவ்வளவு இறுக்கமாக வகுத்திராது. வந்து சேர்ந்தபின் மனம்போல் வேறு தோட்டத்துக்குப் போகவும் இயலவில்லை. கடன் தீர்த்தால் விடுவிப்பதாகத் துரை எழுதித்தரும் ‘துண்டு’ அதற்கு வேண்டும். அம்முறை 1921இலேதான் ஒழிந்தது. பின்னர் 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, மேலும் 150,000 பேரின் கதியைப் பிற்பேச்சுக்கு விட்டது. தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்தை மலையகத்தார் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். யார் எப்போது ஏறவேண்டும் என்பது வேறெங்கோ முடிவாகியிருந்தது.

இப்பின்னணியில் இன்றைய பயணக் கட்டுரைகளைப் படிப்பது சற்றுக் கடினமாகவே உள்ளது. நானுஓயாவை 1885இலும் பதுளையை 1924இலும் எட்டிய புகையிரதப் பாதை தோட்டப் பயிரைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்கென எழுந்தது. இன்று அதன் யன்னலோர ஆசனங்கள் பல நாட்களுக்கு முன்பே கடல்கடந்து முற்பதிவாகின்றன. கண்டி வைத்தியசாலைக்குச் செல்லும் தோட்டத்துத் தாய் முற்பதிவில்லாத மூன்றாம் வகுப்புப் பெட்டியில் நின்றுகொண்டு போகிறாள். திட்டமின்றி வந்தேன் என எழுதுபவரின் பையிலும் மீள்பயணச் சீட்டும் கடவுச்சீட்டும் உள்ளன. பச்சைக் கம்பளம் என்ற தேய்ந்த உவமையை அவரும் விட்டபாடில்லை. தற்செயலாகக் கண்டதாக அவர் வருணிக்கும் கொழுந்து பறிக்கும் பெண், பெரட்டு முடிந்து, குறித்த மலையில் குறித்த நேரத்தில் நிறைக்காக நிற்பவள். அவரது தற்செயல் அவளது கால அட்டவணையில் தங்கியிருக்கிறது. இதனைக் காணாத எழுத்து, திட்டமிட்டதாயினும் இல்லாததாயினும், கங்காணியின் பேச்சைப் போலவே இடர் கூறும் பகுதியை விழுங்கிவிட்ட எழுத்தேயாகும்.

திட்டமிடலே சுதந்திரத்துக்குப் பகை என்பதும் பொருந்தாது. மலையகத்தாரின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து 2023 யூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஓகஸ்டில் மாத்தளையை அடைந்தது. அன்று முன்னோர் நடத்திச் செல்லப்பட்ட அதே திசையில், நாள்தோறும் எங்கிருந்து எதுவரை என வகுத்துக்கொண்டே நடந்தனர். அத்திட்டம் நடந்தவர்களுடையது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகப் புகையிரதப் பாதையைப் பல இடங்களிற் சிதைத்தபோது எல்லோருடைய திட்டங்களும் கலைந்தன. ஆசனம் பதிந்திருந்தோர் வேறு வழி தேடிக்கொண்டனர். மண்சரிவுக்கு அஞ்சி லயன்களை விட்டிறங்கியோருக்கோ சொந்தமாகக் காணி இல்லை; எங்கே போவது, எப்போது போவது என்பதை மீண்டும் பிறர் சொல்லும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.