'ஒன்லி' என்னும் வினையடையும் நமது பிரிநிலை ஏகாரமும்

ஆங்கில வினையடைகளுள் 'ஒன்லி' என்பது நிற்குமிடம் பற்றி இலக்கணகாரரிடையே நெடும்பூசல் நிகழ்ந்துளது. 1762இல் ஆங்கில இலக்கணம் வெளியிட்ட றொபேட் லோத், அச்சொல் தான் தழுவும் சொல்லை அடுத்து நிற்றலே முறையென்பர். 1926இல் ஆங்கில வழக்ககராதியை வெளியிட்ட பவுலரோ, பொருள் மயங்காதவிடத்து அது வினைக்கு முன் வருதலைக் குற்றமென்பாரை எள்ளுகின்றார்.

பவுலர் கூற்று இயல்பானதே. ஆயினும் எழுத்துக்கு அது முற்றும் பொருந்தாது. 'ஐ ஒன்லி பொறோட் த புக்' என ஒருவன் எழுதுகின்றான். நூலையன்றிப் பிறிதொன்றை இரவல் பெற்றிலன் என்பதோ கருத்து? இரவல் பெற்றதேயன்றி விலைக்குக் கொண்டிலன் என்பதோ? பேச்சில், அழுத்திக் கூறப்படும் சொல் ஐயந் தீர்க்கும். தாளில் அவ்வோசை இல்லை. நூலுக்குரியவருக்கு இவ்வேறுபாடு சிறிதன்று!

தமிழ் மாணவனுக்கு இடர்ப்பாடு வேறொரு வழியால் வருகின்றது. தொல்காப்பியர் இடையியலிற் கூறும் பிரிநிலை ஏகாரம், தான் பிரிக்கும் சொல்லின் ஈற்றிலேயே ஒட்டும். 'தான்', 'மட்டும்' என்பனவும் அவ்வாறே பின்னிற்பன. அப்பழக்கத்தால் 'இன்றுதான் வந்தேன்' எனக் கருதியவன், 'ஐ கேம் டுடே ஒன்லி' என எழுதிவிடுகின்றான். 'லேடீஸ் ஒன்லி' என்னும் அறிவிப்புப் பலகைகளும் அவனுக்குத் துணைநிற்கின்றன. திருத்துவோர் சிவப்பு மையாற் கோடிட்டுச் சொல்லை இடம்பெயர்த்து அமைவர், காரணம் கூறார். அதுவே குறை.

'இன்றுதான் வந்தேன்' என்பது இதற்குமுன் வந்திலேன் என்னும் பொருளது. 'இன்று மட்டும் வந்தேன்' என்பது பிறநாளில் வந்திலேன் என்னும் பொருளது. தமிழ் இரு சொல்லாற் பிரித்துணர்த்துவதை ஆங்கிலம் ஒரு சொல்லிடத்தே வைத்துளது. மாணவன் எழுதிய தொடரை ஆங்கிலேயன் இரண்டாம் பொருளிற் கொள்ளவுங் கூடும். முதற் பொருளை ஐயமின்றித் தருவது 'ஐ ஒன்லி கேம் டுடே' என்பதே. லோத் வகுத்த நெறிக்கு மாறாக ஈண்டு வினைக்கு முன்னிற்றலே தெளிவு தருகின்றது. காலங் குறித்தவிடத்துப் பவுலரே வெல்கின்றார். நூலை இரவல் பெற்றவன் மாத்திரம் லோத் சொற்படி 'ஐ பொறோட் ஒன்லி த புக்' என்றெழுதுதல் நன்று, அவன் கருதியது நூல் ஒன்றையே எனின். விலைக்குக் கொண்டிலன் என்பதே கருத்தாயின், 'ஐ டிட் நொட் பை இற்' என வேறொரு வாக்கியம் சேர்த்தலே தக்கது.