நிரல் எழுதாத செயலி: எதுவரை நம்பலாம்?

2020 செப்டம்பர் இறுதியில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 15,841 கொரோனா தொற்றுகளைக் கணக்கில் தவறவிட்டது. ஆய்வகங்கள் அனுப்பிய விவரங்களைப் பழைய வகை எக்செல் கோப்பில் ஏற்றினார்கள். அதில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை சத்தமில்லாமல் விடுபட்டன. எக்செலைத் தரவுத்தளமாக ஓட்டும் எந்த நிறுவனத்துக்கும் இது நேரலாம்.

அந்தக் குறையை நிரப்ப வந்தவைதான், நிரல் எழுதாமலே செயலி கட்ட உதவும் நோ-கோட் கருவிகள். சென்னையில் வளர்ந்த ஜோஹோவின் கிரியேட்டர் 2006இலேயே வந்துவிட்டது. 2012இல் ஏர்டேபிள் தொடங்கப்பட்டது. ஆப்ஷீட்டை 2020இல் கூகுள் வாங்கியது. இவற்றின் பெரிய பலம், வேலை தெரிந்தவரே செயலியைக் கட்டலாம் என்பது. எந்த லாட் சாயப்பட்டறைக்குப் போனது, எத்தனை கிலோ குறைந்து வந்தது என்பதைத் திருப்பூர் பனியன் கம்பெனி மேலாளர் ஒரு புரோகிராமருக்கு விளக்கி, அவர் புரிந்துகொண்டு எழுதி முடிப்பதற்குள் சீசனே முடிந்துவிடும். இங்கே மேலாளரே சில நாட்களில் படிவம் அமைத்து, கைப்பேசியிலேயே பதிவைத் தொடங்கிவிடலாம்.

ஆனால் நிரல் எழுதுவது மட்டுமே குறைகிறது; தரவை வடிவமைக்கும் யோசனை குறைவதில்லை. ஒரு தகவல் ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும் என்ற ஒழுங்குக்கு, எட்கர் காட் 1970இல் முன்வைத்த உறவுநிலைத் தரவு மாதிரியே அடித்தளம். பார்ட்டியின் பெயரை ஒவ்வொரு சலானிலும் கையால் அடிக்க விட்டால், ஒரே பார்ட்டி மூன்று பெயர்களில் நிற்கும். பாக்கியும் மூன்றாகப் பிரியும். திரை அழகாக இருப்பதால் இந்தப் பிழை தெரிய மாதங்கள் ஆகும்.

அதைவிடக் கடுமையானது அனுமதிச் சிக்கல். மைக்ரோசாஃப்ட் பவர் ஆப்ஸில் கட்டிய தளங்களிலிருந்து 3.8 கோடி பதிவுகள் யாரும் பார்க்கும்படி திறந்து கிடந்ததை 2021இல் அப்கார்ட் நிறுவனம் வெளியிட்டது. தடுப்பூசி முன்பதிவு, வேலைக்கு விண்ணப்பித்தவர்களின் அடையாள எண்கள் எல்லாம் அதில் இருந்தன. யாரும் பூட்டை உடைக்கவில்லை. அட்டவணைக்கான அனுமதி அமைப்பு இயல்பாகவே அணைந்திருந்தது, கட்டியவர்கள் கவனிக்கவில்லை. பிறகுதான் மைக்ரோசாஃப்ட் அந்த இயல்புநிலையை மாற்றியது.

மூன்றாவது, வெளியேறும் வழி. கூகுள் தன் ஆப் மேக்கரை 2021 ஜனவரியில் மூடியபோது தரவு தப்பித்தது; செயலிகளை அப்படியே வேறு தளத்துக்கு நகர்த்த வழியில்லை. கிரியேட்டரில் டெலூஜ் மொழியில் எழுதும் விதிகளும் ஜோஹோவுக்கு வெளியே ஓடாது. பேஸ்ரோ போன்ற திறமூலக் கருவியைச் சொந்த சர்வரில் நிறுவினால் இந்தப் பிடி தளரும். ஆனால் பேக்கப் எடுக்கும் பொறுப்பு நம் தலையில் விழும். ஆள் கணக்கில் வாங்கும் சந்தா, ஊழியர் கூடக்கூட ஏறும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆகவே சரக்கு நடமாட்டம், பழுது புகார், பணி ஒதுக்கீடு போன்ற உள்வேலைகளுக்கு இவற்றைத் தயங்காமல் எடுக்கலாம். வாடிக்கையாளரின் அந்தரங்க விவரமோ பணமோ புழங்கும் இடத்தில், அனுமதிகளை வெளியாள் ஒருவர் சோதிக்காமல் திறக்கக் கூடாது. விற்பனையாளரின் மாதிரித் தரவில் எல்லாக் கருவியும் நன்றாகத்தான் ஓடும். நம் பழைய, குழம்பிய கோப்பை ஏற்றி, அதை முழுதாகத் திரும்ப எடுத்துப் பார்த்த பிறகே சந்தா கட்ட வேண்டும். செயலியைக் கட்டியவர் விடுப்பில் போனால் இன்னொருவரால் அதைத் திருத்த முடியுமா என்பதையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது.