தன்னைத் தானே தாங்கும் கூரை

கொல்லைப்புறத்தில் செங்கல் ஓவன் கட்டுவதில் எனக்கு மிகப் பிடித்த கட்டம், மணலை வெளியே அள்ளுவதுதான். ஈர மணலை அரைக்கோளமாகக் குவித்து, அதன்மேல் தீ தாங்கும் செங்கல்லை வட்டம் வட்டமாக அடுக்குவார்கள். உச்சிக்கல் இறங்கி, சாந்து இறுகியதும் வாயில் வழியே மணலை எடுத்துவிடலாம். கம்பியில்லை, தூணில்லை, கல்லைக் கல்லே தாங்கும். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பல் மூடிய பொம்பெயியின் ரொட்டிக் கடைகளில் இதே குடும்பத்து ஓவன்களை இன்றும் பார்க்கலாம்.

வாயிலின் உயரம் கூரையின் உள்உயரத்தில் ஏறத்தாழ 63 சதவீதம் என்பது கட்டுபவர்களின் கணக்கு. கீழே காற்று நுழையும், மேலே புகை வெளியேறும். வாயில் உயர்ந்தால் சூடு தங்காது. தாழ்ந்தால் தீ திணறும்.

புது ஓவனில் எடுத்தவுடன் பெருந்தீ கூடாது. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி விரிசல் விடும். சில நாள் சிறுதீ மூட்டி உலர்த்த வேண்டும். அந்தப் பொறுமையும் கட்டுமானத்தில் சேர்த்தி. பிறகு முழுத் தீ. உட்கூரை முதலில் கரி பிடித்துக் கறுக்கும். சூடு ஏற ஏற அந்தக் கரியே எரிந்து செங்கல் மறுபடி வெளுக்கும். எவ்வளவு அழகான அறிகுறி! நேப்பிள்ஸ் பீட்சா அந்தச் சூட்டில் ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடும். கங்கை வாரிவிட்டு ரொட்டி சுடலாம். அதற்கும் பிறகு, மிஞ்சிய சூட்டில் இரவு முழுக்க மொச்சை வேகும்.